ஒரு நிமிடம் ஏன் 49 நாளானது: மொழி, கம்பைலர், ஃபிரேம்வொர்க்

கிளிநொச்சியில் என்னிடம் கணினி படிக்கும் உயர்தர மாணவி ஒருத்தி, வீட்டு மிளகாய்த் தோட்டத்துக்குத் தானாக நீர் இறைக்கும் கருவி ஒன்றைச் செய்தாள். நிரல் எழுதி ஏற்றக்கூடிய ஓர் ஆர்டுயினோ ஊனோ சுற்றுப் பலகை, மோட்டரைப் போட்டு நிறுத்தும் ஒரு ரிலே, மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரி, கிணற்றடியில் ஏற்கனவே இருந்த சிறிய மோட்டர். மண் காய்ந்திருந்தால் மோட்டர் ஓட வேண்டும், ஒரு நிமிடம் ஓடி நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதலில் 5 வினாடி வைத்துப் பார்த்தாள், நின்றது. 10 வினாடி, 30 வினாடி வைத்தாள், அப்போதும் நின்றது. 60 வினாடி வைத்தாள். நிற்கவே இல்லை. பாத்தி நிரம்பி, வரம்பு உடைந்து, தண்ணீர் பக்கத்து வளவுக்குள் போன பிறகு தாயார் ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தினார்.

ரிலே சூடேறி ஒட்டிக்கொள்கிறது என்று முடிவுகட்டினோம். புதிய ரிலே வாங்கிப் போட்டோம். பிறகு பலகையையே மாற்றினோம். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள்தான் நிரலின் ஒரு வரியில் கண் நின்றது: டிலே(60 * 1000). ‘டிலே’ என்றால் காத்திரு; அடைப்புக்குள் இருப்பது எத்தனை மில்லிவினாடி என்பது. அறுபதை ஆயிரத்தால் பெருக்கினால் அறுபதாயிரம், அதாவது ஒரு நிமிடம். அதே பெருக்கலை மடிக்கணினியில் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதி ஓட்டிப் பார்த்தாள். 60000 என்று வந்தது. “கணக்குச் சரிதானே, சேர்?” என்றாள். பெருக்கலை அழித்துவிட்டு 60000 என்று நேராக எழுதச் சொன்னேன். மோட்டர் ஒரு நிமிடத்தில் நின்றது.

60 * 1000 என்றால் நிற்காது, 60000 என்றால் நிற்கும். இதை விளங்கவைக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. அவள் ‘ஆர்டுயினோ மொழி’ என்று ஒரே பெயரில் வைத்திருந்த பொட்டலத்துக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருந்தன: ஒரு நிரல்மொழி, ஒரு கம்பைலர், ஒரு ஃபிரேம்வொர்க். பின்னைய இரண்டையும் தொகுப்பான், சட்டகம் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். வகுப்பில் நாங்கள் புழங்கும் சொற்களையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

குழப்பம் அவளுடையது மட்டுமல்ல. சாதாரண தரத்தில் பஸ்கால் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளில் பலர் “பஸ்கால் என்றால் அந்த நீலத் திரைதானே?” என்று கேட்பார்கள். அந்த நீலத் திரை நிரலை எழுதுவதற்கான ஒரு மென்பொருள். பஸ்கால் மொழிக்கும் நீல நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஏ9 வீதியோரத்தில் தொங்கும் பயிற்சி வகுப்புப் பதாகைகளும் இதே பிழையைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஜாவா, பைதன், ரியாக்ட், லாராவெல், ஃப்ளட்டர் என்று ஐந்து பெயரை வரிசையாக எழுதி, “ஐந்து மொழிகள் கற்பிக்கப்படும்” என்கின்றன. அதில் மொழிகள் இரண்டே இரண்டு. ரியாக்ட் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவோருக்கானது, லாராவெல் பிஎச்பி மொழியில் எழுதுவோருக்கானது, ஃப்ளட்டர் டார்ட் மொழியில் எழுதுவோருக்கானது. அந்த மூன்று மொழிகளின் பெயரும் பதாகையில் இல்லை. காசு கட்டுகிற பெற்றோருக்கு இது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிரல்மொழி என்பது ஓர் உடன்பாடு. எதை எழுதினால் என்ன பொருள், எதை எழுதக் கூடாது என்று வகுத்து வைத்த விதிகளின் தொகுதி. சி பிளஸ் பிளஸுக்கு அந்த விதிகள் சர்வதேசத் தரநிலையாக முதன்முதலில் 1998இல் வெளிவந்தன. அது ஓர் ஆவணம். அதைக் கணினியில் நிறுவ முடியாது, ஓட்டவும் முடியாது; வாசிக்கத்தான் முடியும்.

மொழியும் அதை ஓட்டும் மென்பொருளும் வேறுவேறு என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் கதை ஜெர்மனியப் பொறியியலாளர் கொன்ராட் ஸூசெயுடையது. 1945இல், போரின் கடைசி மாதங்களில், அவர் தன் இசட்4 கணினியை ஏற்றிக்கொண்டு பெர்லினை விட்டு வெளியேறினார். அல்ப்ஸ் மலையடியில் ஹின்டர்ஸ்டைன் என்ற கிராமத்தில் தங்கினார். கொண்டுவந்த இயந்திரத்தை வைத்து அங்கே வேலை செய்ய வழியில்லை. ஆகவே தாளில் எழுதினார். ‘பிளான்கால்க்யூல்’ என்ற அந்தப் படைப்பு, உயர்நிலை நிரல்மொழி ஒன்றை வடிவமைக்க நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று. சதுரங்க ஆட்டத்துக்கான நிரல்களைக்கூட அதில் எழுதி வைத்தார். முழு ஆவணமும் அச்சேறியது 1972இல்தான். அதை ஓட்டக்கூடிய மென்பொருள் அதற்கும் பிறகுதான் வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த மொழி தாளில் மட்டும் இருந்தது. இருந்தாலும் அது மொழியாகத்தான் இருந்தது. பொதிகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன அனுபவம் உள்ள வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் இந்தக் கதையை மிகக் கவனமாகக் கேட்பார்கள். பொறி கையில் இல்லாதபோதும் மொழி மனதிலும் தாளிலும் இருக்கலாம் என்பது அவர்களுக்கு உடனே பிடிபடுகிறது.

மிளகாய்த் தோட்டத்துக்கு வருவோம். சி பிளஸ் பிளஸின் உடன்பாட்டில் நமக்கு வேண்டிய விதிகள் மூன்று. ‘இன்ட்’ என்ற முழுஎண் வகை குறைந்தது 16 பிட் அகலமாக இருக்க வேண்டும்; பிட் என்பது 0 அல்லது 1 கொள்ளும் ஓர் இடம். அதற்கு மேல் எவ்வளவு என்று மொழி கட்டாயப்படுத்தாது. இரண்டு ‘இன்ட்’களைப் பெருக்கினால் விடையும் ‘இன்ட்’ ஆகவே கணிக்கப்படும். நிரலில் நேராக எழுதிய எண் ‘இன்ட்’டுக்குள் கொள்ளாவிட்டால், அது தானாக அடுத்த பெரிய வகையான ‘லாங்’ ஆகக் கொள்ளப்படும். இந்த மூன்றாவது விதிதான் 60000ஐக் காப்பாற்றியது. 60, 1000 இரண்டும் தனித்தனியே சின்ன எண்கள் என்பதால் அவற்றை அந்த விதி தொடவில்லை.

குறைந்தது 16 என்றால், ஊனோவில் எத்தனை? அதை முடிவுசெய்வது கம்பைலர்.

கம்பைலர் ஒரு மென்பொருள். யாரோ உட்கார்ந்து எழுதியது. நாம் மொழியின் விதிப்படி எழுதிய நிரலை வாங்கி, ஒரு குறிப்பிட்ட செயலிக்கு விளங்கும் பொறிமொழியாக மாற்றித் தருவது அதன் வேலை. ஆர்டுயினோ ஊனோவுக்கு மாற்றித் தருவது ஏவிஆர் ஜிசிசி. அந்த ஜிசிசி குடும்பத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்டார். இன்றுவரை பலர் சேர்ந்து வளர்த்துவருகிறார்கள். ஊனோவில் இருப்பது 8 பிட் செயலி. நிரலை வைக்க 32 கிலோபைட் இடம், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் நினைவகம். இவ்வளவு சிறிய வீட்டில் சிக்கனம் தேவை; ஆகவே அந்தக் கம்பைலர் ‘இன்ட்’டுக்கு 16 பிட்டே ஒதுக்குகிறது. அதில் கொள்ளும் மிகப் பெரிய எண் 32767. மடிக்கணினியின் கம்பைலர் 32 பிட் ஒதுக்குகிறது. அதில் இருநூறு கோடிக்கு மேல் கொள்ளும். இரண்டுமே உடன்பாட்டை மீறவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 30 * 1000 என்றால் 30000. 32767க்குள் அடங்குகிறது, மோட்டர் நின்றது. 60 * 1000 அடங்கவில்லை. அப்படி வழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தராது. ஊனோவில் நடைமுறையில் 65536 கழிந்து, -5536 என்று நிற்கிறது. ‘டிலே’ குறை எண்ணை ஏற்பதில்லை. 32 பிட் நேர் எண்ணைத்தான் ஏற்கும். குறை எண்ணை அப்படி மாற்றும்போது 4294967296 கூட்டப்பட வேண்டும் என்பது மொழியின் இன்னொரு விதி. ஆக, ‘டிலே’யின் கைக்குப் போய்ச் சேர்ந்த எண் 4294961760. அத்தனை மில்லிவினாடி என்றால் 49 நாளும் 17 மணித்தியாலமும். மோட்டர் பழுதாகவில்லை, ரிலே ஒட்டிக்கொள்ளவில்லை. காத்திருக்கச் சொன்ன நேரம் முடியவில்லை, அவ்வளவுதான்.

இதில் என்னை இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. இந்த வழிதலைக் கம்பைலர் கண்டுபிடித்து எச்சரிக்கக்கூடியது. ஜிசிசி இப்படியான வரிக்கு இயல்பாகவே எச்சரிக்கை எழுதும். ஆனால் நாங்கள் நிரல் எழுதிய மென்பொருளின் அமைப்பில், எச்சரிக்கைகளைக் காட்டாதே என்பதே தொடக்கநிலைத் தெரிவாக இருந்தது. புதிதாகப் படிப்பவரைப் பயமுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதியவருக்குத்தான் எச்சரிக்கை அதிகம் தேவை. அந்தத் தெரிவை மாற்றிவிட்டு அதே வரியை மறுபடி கம்பைல் செய்தோம். முழுஎண் வழிகிறது என்று வரி எண்ணோடு எழுதிக் காட்டியது. இரண்டு நாளும் ஒரு ரிலேயின் விலையும் மிஞ்சியிருக்கும்.

பிறகு ஒரு சோதனை செய்தோம். அதே நிரலை, பெருக்கலை மாற்றாமல், இஎஸ்பி32 பலகை ஒன்றில் ஏற்றினோம். அதன் செயலி 32 பிட், அதற்கான கம்பைலரும் ‘இன்ட்’டுக்கு 32 பிட் ஒதுக்குகிறது. மோட்டர் ஒரு நிமிடத்தில் நின்றது. நாங்கள் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மொழி மாறவில்லை, ‘டிலே’யும், திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான ‘லூப்’பும் அப்படியே இருந்தன, செயலியும் அதற்கேற்ற கம்பைலரும் மட்டும் மாறின. பக்கம் பக்கமாக விளக்கியதைவிட அந்தச் சோதனை அவளுக்குப் போதுமாக இருந்தது.

கம்பைலர் என்ற எண்ணமே ஒரு காலத்தில் நம்ப முடியாததாக இருந்தது. கிரேஸ் ஹாப்பர் 1952இல் ஏ-0 என்ற முன்னோடியைச் செய்தார். ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பேக்கஸின் குழு 1957இல் ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டபோது, பொறி எழுதும் பொறிமொழி அனுபவசாலி ஒருவர் கையால் எழுதியதற்கு ஈடாகுமா என்ற சந்தேகம் பரவலாக இருந்தது. ஈடாகும் என்று அந்தக் குழு காட்டியது. அன்று பயன்பட்ட கம்பைலரை இன்று யாரும் அன்றாட வேலைக்கு எடுப்பதில்லை. ஃபோர்ட்ரான் மொழி வாழ்கிறது. உலகெங்கும் வானிலை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் டபிள்யூஆர்எஃப் மாதிரியின் பெரும்பகுதி ஃபோர்ட்ரானில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பைதனுக்கு வந்தால் பிள்ளைகள் சட்டென்று ஒரு கேள்வி கேட்பார்கள்: “பைதனுக்குக் கம்பைலர் இல்லைத்தானே?” சில மொழிகள் கம்பைல் செய்யப்படுபவை, சில மொழிகள் வரிவரியாக மொழிமாற்றி ஓட்டப்படுபவை என்று படித்திருப்பார்கள். தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் அந்தக் குணம் மொழியினுடையது என்பதைவிட, அதைச் செயற்படுத்தும் மென்பொருளினுடையது என்பதே சரி. பைதன் மொழியைக் கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்டார். நாம் பொதுவாக நிறுவுவது சிபைதன் என்ற மென்பொருள்; அது சி மொழியில் எழுதப்பட்டது. நம் நிரலை முதலில் பைட்கோட் என்ற இடைநிலை வடிவத்துக்குக் கம்பைல் செய்து, பிறகு அதை ஓட்டுகிறது. பைபை என்ற இன்னொரு மென்பொருள் அதே பைதன் நிரலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பொறிமொழியாக மாற்றுகிறது. மைக்ரோபைதன் என்ற மூன்றாவது, நாங்கள் சோதித்த இஎஸ்பி32 போன்ற சிறு பலகைகளுக்குள் அடங்குகிறது. ஒரு மொழி, மூன்று மென்பொருள்கள்.

தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும் ‘எழில்’ மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கினார். அதை ஓட்டும் மென்பொருள் பைதனில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டதும், அப்படியானால் எழில் பைதன்தானே என்று சொல்வோர் உண்டு. மண்வெட்டியால் கிணறு வெட்டினால் கிணறு மண்வெட்டி ஆகிவிடாது.

இனி ஃபிரேம்வொர்க். இதுதான் பதாகைகளில் மொழி வேடம் போட்டு நிற்கும் பொருள்.

வன்னியில் தண்ணீர் இரண்டு விதமாக வரும். மேட்டு நிலத்தில் மிளகாயோ நிலக்கடலையோ செய்பவருக்குக் கிணறும் மோட்டரும் உண்டு. வேண்டும்போது போடுவார், போதும் என்றால் நிறுத்துவார். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் செய்வது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, எப்போது துருசு திறப்பது என்று தீர்மானம் ஆகும். அவர் தண்ணீரைக் கூப்பிடுவதில்லை. முறை வந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியே அவரிடம் வரும். அந்த நேரத்தில் மடையை வெட்டி வயலுக்குள் விட அவர் ஆயத்தமாக நிற்க வேண்டும்.

பிறர் எழுதிய நிரல் துண்டுகளை நாம் வேண்டியபோது அழைத்துப் பயன்படுத்தினால் அது நூலகம்; கிணற்று மோட்டரைப் போல. பிறர் எழுதிய நிரல் ஒட்டுமொத்த ஓட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டிய இடத்தில் நம் நிரலை அழைத்தால் அது ஃபிரேம்வொர்க். குளத்து வாய்க்காலைப் போல. ஆர்டுயினோவில் நாம் ‘செட்டப்’ என்று ஒன்றும் ‘லூப்’ என்று ஒன்றும் எழுதுகிறோம். நாமே அவற்றை எங்கும் அழைப்பதில்லை. பலகைக்கு மின்சாரம் வந்ததும் ‘செட்டப்’ ஒரு முறை நடக்கிறது, ‘லூப்’ ஓயாமல் நடக்கிறது. அழைப்பது ஆர்டுயினோ. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காகத் தொடங்கிய முயற்சி அது. அவர்கள் சிப்பின் நுணுக்கங்களில் சிக்காமல் விளக்கை எரிய வைக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்தில் அது பெரிதும் வென்றது. ‘டிலே’யை மட்டும் பார்த்தால் அது நாம் அழைப்பது, கிணற்று வகை. ஒரே பொட்டலத்துக்குள் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

ஃபிரேம்வொர்க்குகள் பெரும்பாலும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து களைத்தவர்களிடமிருந்து பிறந்தவை. பைதனில் இணையத்தளம் கட்டுவதற்கான ஜாங்கோ, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்ற ஊரின் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உருவானது. செய்தியின் வேகத்துக்குத் தளங்களைக் கட்ட வேண்டியிருந்ததால், பொதுவான பகுதிகளை அங்கிருந்த நிரலாளர்கள் ஒருமுறை எழுதி வைத்தார்கள். 2005இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். வாய்க்காலை யாரோ ஏற்கனவே வெட்டி வைத்திருப்பது பெரிய உபகாரம். பதிலுக்கு, வாய்க்கால் போகும் திசையில்தான் வயல் செய்ய முடியும்.

இன்னொன்றும் உண்டு: வாய்க்கால்களை மாற்றி வெட்டுவார்கள். கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வெளிவந்து எங்கும் பேசப்பட்டது. 2021 முடிவோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அதன் அடியில் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995இல் பிறந்தது, இன்றும் ஒவ்வோர் உலாவியிலும் ஓடுகிறது. ஆங்குலர்ஜேஎஸ் மட்டும் தெரிந்தவருக்கு 2022 கடினமான ஆண்டாகியிருக்கும். ஜாவாஸ்கிரிப்டை ஆழமாகத் தெரிந்தவர் சில வாரங்களில் அடுத்ததைப் பிடித்திருப்பார். அதனால்தான், முல்லைத்தீவிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் வார இறுதியில் பஸ் ஏறி வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் பிடிவாதமாக ஒன்றைச் சொல்கிறேன்: முதலாவது காசையும் முதலாவது ஆண்டையும் ஒரு மொழிக்குக் கொடுங்கள். உயர்தரப் பாடத்தில் பைதன் ஏற்கனவே இருக்கிறது; அதையே ஆழமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்துக்கோ வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போனாலும், நேராக வேலைக்குப் போனாலும் அது கூட வரும். ஃபிரேம்வொர்க்கை வேலை கேட்கும்போது படிக்கலாம். வேலைவாய்ப்பு விளம்பரங்கள் ஃபிரேம்வொர்க்கின் பெயரைத்தான் முதலில் போடுகின்றன என்று பெற்றோர் சொல்வது உண்மைதான். அதற்காக வரிசையை மாற்றினால், பிழை வரும் நாளில் எந்தக் கதவைத் தட்டுவது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகும்.

அந்த மாலையின் கடைசியில் மாணவிக்கு ஒரு சந்தேகம் மிஞ்சியிருந்தது. சி பிளஸ் பிளஸ் நிரல் என்றால் ‘மெயின்’ என்ற தொடக்கப் பகுதி இருக்க வேண்டும் என்று மடிக்கணினியில் எழுதும்போது கற்றிருந்தாள். மிளகாய்த் தோட்ட நிரலில் ‘மெயின்’ இல்லை. “விதி ஒன்றுதானே சேர், அப்படியானால் அது எங்கே?” என்று கேட்டாள். ஆர்டுயினோ நிறுவப்பட்ட கோப்புறைக்குள் போய், ஊனோவுக்கான அடிப்படைக் கோப்புகளில் ‘மெயின்’ என்ற கோப்பைத் திறந்து கொடுத்தேன். மிகச் சிறிய கோப்பு. பலகையை ஆயத்தப்படுத்தும் வரிகள், பிறகு ‘செட்டப்’பை அழைக்கும் ஒரு வரி, அதன் கீழே முடிவில்லாத சுற்று ஒன்று, அதற்குள் ‘லூப்’பை அழைக்கும் ஒரு வரி. தான் எழுதிய பெயர்கள் வேறொருவரின் கோப்பில் இருப்பதைக் கண்டு விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு சுற்றுக்கு அடியில் இருந்த கடைசி வரியில் விரல் நின்றது. பூச்சியத்தைத் திருப்பிக் கொடு என்கிறது அந்த வரி.

“சுற்று முடியவே முடியாதே, சேர். இந்த வரிக்கு எப்போது முறை வரும்?”

வராது என்றேன். ‘மெயின்’ முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்ற மொழியின் வழக்கத்துக்காக அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் கொப்பியை எடுத்து, அந்தக் கோப்பை வரிவரியாகப் பார்த்து எழுதத் தொடங்கினாள்.